வெறும் கிண்ணத்தின் எடை

உப்பு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாக நிற்கிறோம் என்று அரசிக்கே தெரியவில்லை. அடுப்பில் சாம்பார் கொதித்துக் கொதித்து ஓரமெல்லாம் கட்டிக்கொண்டு வருகிறது. மூன்று விரலால் அள்ளிச் சுற்றிப் போட்டால் முடிந்தது காரியம். முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான் போட்டாள், ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. சொந்தத்தில் கல்யாணம் காட்சி என்றால், "மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டு ஒரு தடவை உப்புப் பார்க்கச் சொல்லுங்கப்பா" என்று அடுப்படிக்கு ஆள் அனுப்புவார்கள். அந்தக் கைதான் இப்போது டப்பாவுக்குள் போய்க் கொஞ்சம் அள்ளி, கூடவோ என்று உதறி, குறைவோ என்று மறுபடி அள்ளி, கடைசியில் ஒன்றுமில்லாமல் வெளியே வருகிறது. சனியன் பிடித்த கை. ருசி பார்த்துப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை, இன்றைக்குப் படையல். அவர் போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. இலையில் அவருக்கு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர் நாக்கில் படணும். அதுவரை கரண்டியை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. ஆக நாக்கும் இல்லை, கையும் இல்லை. மிச்சம் இருப்பது ஃபிரிட்ஜ் மேலே பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தத் தராசுதான். அதை இன்றைக்குத் தொடுவதில்லை என்று விடியற்காலையில் குளித்து ஈரத்தலையோடு அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறாள். இன்னைக்கு உங்களுக்கு அளவே கிடையாதுங்க, கை கொண்ட மட்டும் போடுறேன், வயிறு நிறையச் சாப்பிடுங்க. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் ஒரு பிடி உப்புக்கு நெஞ்சு படபடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை அள்ளிப் போட்டாள். போட்டதும் கூடிப்போச்சு என்று தோன்றியது. கரண்டியை விட்டுக் கிளறினாள்.

"மதினி, பன்னெண்டரைக்குள்ள இலை போட்டுறணும், ஞாபகம் இருக்கா?" என்று கூடத்திலிருந்து பஞ்சவர்ணம் குரல் கொடுத்தாள். அவருடைய தங்கை. பூவைக் கட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். "இருக்கு வர்ணம்" என்றாள் அரசி. ஞாபகம் இல்லாமல் எங்கே போகும், ஞாபகம்தான் இங்கே வண்டி வண்டியாகக் கிடக்கிறதே. வண்டி என்றதும் அவர் வந்துவிட்டார். சோலைமலை. முப்பத்தோரு வருஷம் ஊருக்கு வெளியே லாரி எடை மேடையில் வேலை பார்த்த மனுஷன். மணல் லாரி, நெல் லாரி, கல் லாரி, எது ஏறினாலும் முதலில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டிரைவர் எறங்குப்பா!" என்று ஒரு அதட்டல். பாரத்தோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வந்தபின் வெறும் வண்டி ஒரு எடை, இரண்டையும் கழித்துத்தான் சீட்டில் எழுதுவார். வெறும் வண்டி எடை தெரியாமல் போடுகிற எடை எடையே இல்லை என்பார். அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயத்தில் இரண்டு குழாய் வைத்து அடைப்பை எடுத்துவிட்ட டாக்டர், "தொண்ணூத்தி நாலு கிலோவை வச்சுக்கிட்டு இந்த இதயத்தை ஓட்ட முடியாதும்மா, சர்க்கரை வேற இருக்கு, எல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்று சொல்லி அரசியின் கையில் ஒரு தாளைக் கொடுத்த மறுநாளே, அவர்தான் பஜாருக்குப் போய் இந்த முள் தராசை வாங்கி வந்தார். கடிகாரம் மாதிரி முகம், அதில் ஒரு சிவப்பு முள். இரண்டாம் மாசமே கீழே விழுந்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிற திருகு சிக்கிக்கொண்டது. மாத்தி வாங்கலாமா என்று கேட்டதற்கு அந்தச் சிரிப்பு. "எதுக்கு மாத்துற? திருகை நம்புறவன் எல்லாம் எடை போடுறவனா? கிண்ணத்தை வெறுசா வச்சுப் பாத்துக்க, கழிச்சுக்க." சோறு நிறுக்கிற சின்னக் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். தொண்ணூறு. காய்கறிப் பையின் அட்டையைக் கிழித்து, சிவப்புப் பேனாவில், சீட்டில் எழுதுவது போலவே குண்டு குண்டாக 'கிண்ணம் 90 கழி' என்று எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மஞ்சளாகி, அந்த அட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தினமும் பார்க்கிறாள். இன்றைக்கும் பார்த்தாள்.

சேப்பங்கிழங்கு வெந்து தோல் உரித்துத் தாம்பாளத்தில் காத்திருக்கிறது. அவருக்கு உயிர். மொறுமொறுவென்று, எண்ணெயில் முங்கக் குளித்து வரணும், மிளகாய்ப்பொடி ஓரத்தில் கருகியிருக்கணும். வாணலியை வைத்து எண்ணெய்த் தூக்கைச் சரித்தாள். சரித்தால் மணிக்கட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஐந்து மில்லி. ஒரு தேக்கரண்டி. நாற்பத்தைந்து கலோரி. அந்தத் தாளில் எழுதியிருந்த கணக்கு தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. எண்ணெயைக் கண்டால் எண்ணெய் தெரியவில்லை, கிராமுக்கு ஒன்பது என்றுதான் தெரிகிறது. இன்னைக்கு ஊத்துடி, அவருக்குத்தானே, இனி என்ன ஆகிவிடப்போகிறது அவருக்கு? ஊற்றினாள். கடகடவென்று ஊற்றினாள். மேடையெல்லாம் சிந்தியது. கிழங்கைப் போட்டதும் சடசடவென்று பொரிந்து வாசம் எழும்பியது, கூடவே இவள் கண்ணிலும் தண்ணீர் முட்டியது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வாசத்துக்குத்தான் அந்த மனுஷன் எப்படி ஏங்கினார்! மாடி வீட்டில் எதையாவது வறுத்தால் போதும், சட்டையைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் போய் நிற்பார், காற்று வாங்குகிறாராம். "லாரிக்கே கழிவு உண்டு அரசி, தார்ப்பாய்க்குன்னு பத்துக் கிலோ விடுவோம், எனக்கு ஒரு வடைக்குக் கழிவு கிடையாதா?" என்பார். இவள் சிரிக்க மாட்டாள். சிரித்தால் இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயம். ஒருநாள் ஸ்கூட்டர் டப்பாவில் கடலைமிட்டாய்க் காகிதம் இருந்தது. ஒரே ஒரு காகிதம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடினாள்! "சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா சொல்லிருங்க, நான் ஏன் நாயா உழைக்கணும்?" அறுபத்திரண்டு வயசு ஆள், திருடித் தின்ற பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, "ஒண்ணுதான் அரசி, பாதியை ஒரு பிச்சைக்காரனுக்குக் குடுத்துட்டேன்" என்றார். பாதியைக் கொடுத்தாராம். அது பொய் என்று அப்போதே தெரியும். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தோமே என்று அப்போது உறைக்கவில்லை. பதினெட்டு மாசத்தில் பதினாலு கிலோ இறங்கினார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகி, கழுத்துக்குழி தெரிந்தது. டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவர் கையை அல்ல, அரசி கையை. "நீங்கதாம்மா வைத்தியர்" என்றார். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை. அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ரோட்டோரத்தில் பஜ்ஜிக் கடை போனது.

"அம்மா, தீயுது!" உமையாள் ஓடிவந்து வாணலியை இறக்கினாள். மகள். திருச்சியிலிருந்து முந்தாநாளே வந்துவிட்டாள், ஒரே பெண். இரண்டு கிழங்கு அடியில் கருகிவிட்டது, மற்றவை தப்பித்தன. "நீ போய்க் கொஞ்சம் உக்காரும்மா, காலைலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல, உனக்குச் சர்க்கரை எறங்கிறப் போகுது" என்றாள். "இறங்காது, எனக்கு ஏறத்தான் தெரியும்" என்று இவள் சொன்னதற்கு மகள் சிரிக்கவில்லை. போன மாசம் மயக்கம் என்று படுத்தபோது சோதித்துப் பார்த்ததில் முந்நூறுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து இந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை. தினமும் போன், என்ன சாப்பிட்ட, எவ்வளவு சாப்பிட்ட, எடை போட்டியா, போட்டோ அனுப்பு. அப்பனுக்குக் கொடுத்த மாதிரியே ஒரு தாள் இப்போது அம்மாவுக்கும் வந்திருக்கிறது. மதியம் சோறு நூறு கிராம். அவருக்காவது நூற்றிருபது. மகள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டிருப்பதை அரசி பார்த்தாள். "அந்த நெய்யை உருக்கி வை, நான் இலை நறுக்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உமையாள் போனாள்.

நெய். ஆமாம், பருப்புச் சோற்றுக்கு நெய். அன்றைக்கும் பருப்புத்தான், நெய் இல்லாத பருப்பு. அன்றைக்கு என்றால் அன்றைக்கு, இந்த வருஷம் முழுக்க எந்த வழியாகச் சுற்றினாலும் வந்து நிற்கிற அந்த மத்தியானம். வேண்டாம், படையல் முடியட்டும் என்று தள்ளிப் பார்க்கிறாள், அது போக மாட்டேன் என்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால், சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். வாயு என்றார். இசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அரசிக்கு உள்ளே என்னமோ அறுந்துவிட்டது. அதிலிருந்து அவர் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவாள். செய்வதற்கு வேறென்ன இருந்தது அவளிடம், தராசு ஒன்றுதான் இருந்தது. நூற்றிருபது என்றால் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து இருந்தால் அந்த ஐந்து கிராம்தான் போய் ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்று நிஜமாகவே நம்பினாள். அந்த மத்தியானம் சோற்றைக் கிண்ணத்தில் வைத்துத் தராசில் ஏற்றினாள். சாப்பாட்டு மேசையிலேயேதான் தராசு இருக்கும், அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். முள் இருநூற்றைம்பதில் நின்றது. அந்த நேரம் பார்த்து இந்த உமையாள் போனில் கூப்பிட்டாள். பேசிக்கொண்டே சோற்றைத் தட்டில் கவிழ்த்துவிட்டாள். அவர் பருப்பை ஊற்றி, ஓரத்தில் பிசைந்து, ஒரு வாய் வைத்தார். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டாள். இருநூற்றைம்பதில் தொண்ணூறு போனால் நூற்றறுபது. நாற்பது கூட! பதறிப்போய், அவர் இரண்டாவது வாய்க்குப் பிசைகிற தட்டில் கையை விட்டு ஒரு பிடி சோற்றை அள்ளிவிட்டாள். சாப்பிடுகிறவன் தட்டிலிருந்து. எதிரிக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். அவர் நிமிர்ந்து முள்ளைப் பார்த்தார். தராசின் மேலேயே காலியாகக் கிடந்த கிண்ணத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "என்ன பாக்குறீங்க?" என்று கேட்டாள், கொஞ்சம் காட்டமாகத்தான் கேட்டாள். "ஒண்ணுமில்ல. எடு" என்றார். மிச்சத்தைச் சாப்பிட்டார், தட்டை விரலால் வழித்தார், எழுந்து கை கழுவி, ஈஸிசேரில் போய்ச் சாய்ந்தார். நாலு மணிக்குச் சர்க்கரையில்லாத டீயைக் கொண்டுபோனபோது எழுந்திருக்கவில்லை.

கோபமா? வெறுப்பா? சீ, இப்படி ஒரு பிழைப்பா என்ற சலிப்பா? ஒரு வருஷமாக அந்த முகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பார்க்கிறாள், பிடிபடவில்லை. பிணம் நடு வீட்டில் கிடக்கையில் பஞ்சவர்ணம் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "வாய்க்கு ருசியா ஒரு கவளம் திங்காமப் போயிட்டியே அண்ணே!" என்று கத்தினாள். வந்தவர்கள் எல்லாரும் அரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு அந்த ஒரு பிடி தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்தப் பிடிச் சோற்றை அன்று என்ன செய்தோம் என்று மட்டும் அரசிக்கு நினைவில்லை. காக்காய்க்கு வைத்தோமா, சிங்க்கில் கொட்டினோமா? தானே தின்றிருந்தால்? போகட்டும், அளவு அளவுதானே, கூடத்தானே இருந்தது, கூடுதலாக இருந்ததைத்தானே எடுத்தோம், அநியாயமாக எடுக்கவில்லையே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வருஷத்தைத் தள்ளியிருக்கிறாள். நெய் உருகிவிட்டது. இலைக்குக் கொண்டுபோக ஏதாவது கிண்ணம் வேண்டும். சோறு நிறுக்கிற சின்னக் கிண்ணத்தில் உமையாள் பாயசத்தை எடுத்து வைத்துவிட்டாள். கீழே, பரணிலிருந்து காலையில் இறக்கிய சாக்குமூட்டை. காரியத்துக்கு வந்த சனம் போன வருஷம் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கட்டிப் போட்டுவிட்டுப் போனது, பெரிய அண்டாவுக்காக இன்றைக்குத்தான் அவிழ்த்தார்கள். கையை விட்டுத் துழாவி ஒரு கிண்ணத்தை எடுத்தாள். உமையாள் கல்யாணத்துக்கு வந்த கிண்ணம், அடி கனத்தது. தயிர் உறை ஊற்றவென்றே வைத்திருந்தது. கழுவித் துடைத்து, நெய்யை ஊற்றப் போனவளுக்குக் கை அப்படியே நின்றது. கனக்கிறது. என்னவோ கனக்கிறது. தயிர் உறை ஊற்றுகிற கிண்ணம். அந்த மத்தியானத்துக்கு முந்தின நாள் பால் கொஞ்சமாகத்தான் மிஞ்சியது என்று, பேச்சு ஞாபகத்தில், தயிரைச் சின்னக் கிண்ணத்தில் அல்லவா உறை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள்? அவருக்குச் சாப்பாட்டின் முடிவில் மோருக்கு எடுத்தது அந்தத் தயிரைத்தானே? அப்படியென்றால் சோற்றை வைத்தது எதில்?

நெய்ச் சட்டியைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று ஒரு மனசு சொல்கிறது. பார்க்காதே, பார்த்து என்ன ஆகப்போகிறது, சாம்பாரை இறக்கு, அப்பளம் பொரி, மணி பன்னிரண்டு. தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். கை அதற்குள் ஃபிரிட்ஜ் மேலே போய் துண்டை உருவிவிட்டது. தராசை மேடையில் வைத்தாள். கிண்ணத்தை அதன்மேல் வைத்தாள், வெறும் கிண்ணத்தை. முள் ஆடியது. தொண்ணூறைத் தாண்டியது. நூறு. நூற்றிருபது. நின்றது. நூற்றிமுப்பது. எடுத்து மறுபடி வைத்தாள். நூற்றிமுப்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள், முள் கொஞ்சம்கூட நகரவில்லை. இருநூற்றைம்பதில் நூற்றிமுப்பது போனால் நூற்றிருபது. சரியாக நூற்றிருபது. ஒரு பருக்கை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை, டாக்டர் சொன்ன அளவு. அந்த நாற்பது இந்தக் கிண்ணத்தின் அடி. எவர்சில்வரின் கனத்துக்கு அந்த மனுஷனின் சோற்றைப் பிடுங்கியிருக்கிறாள். ஐயோ. ஐயோ கடவுளே. சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிது ஒன்று பின்னால் வந்தது, மெதுவாகத்தான் வந்தது. அவர் முள்ளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் வெறும் வண்டி எடையைக் கழித்த ஆள், லாரி மேடையில் ஏறும்போதே டயர் அமுங்குவதைப் பார்த்து எடை சொல்கிற ஆள், கிண்ணம் மாறியிருப்பது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். அவருக்குத் தெரியும். தெரிந்தும் "எடு" என்றார். வாயைத் திறந்து, 'ஏய் அரசி, கிண்ணம் வேற' என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிடி திரும்பிப் போயிருக்குமே! ஏன் சொல்லவில்லை? இவளிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா? கடலைமிட்டாய்க்கு ஆடின ஆட்டத்தைப் பார்த்தவர், இதற்கும் ஆடுவாள் என்று பயந்தாரா? முப்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டியிடம் எனக்குப் பசிக்கிறது என்று சொல்லப் பயந்துகொண்டு செத்தாரா? அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். சாம்பார் அடிப்பிடித்தது.

"என்ன மதினி, இன்னும் முடியலையா?" பஞ்சவர்ணம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். தராசைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. "இன்னைக்குமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அரசிக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது, காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா, உன் அண்ணன் கடைசி வாய்ச் சோற்றை நான்தான் பிடுங்கினேன் வர்ணம், நீ அன்றைக்குக் கத்தினதில் ஒரு தப்பும் இல்லை என்று. "அப்பளக் கட்டை எடுத்துக் குடு" என்றாள்.

இலை போட்டார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு, ஊதுபத்தி, பஞ்சவர்ணம் கட்டிய பிச்சிப்பூ. அரசி சோற்றை அள்ளி வைத்தாள். மறுபடி அள்ளினாள். மறுபடி. "போதும் மதினி, இலை தாங்காது" என்று பஞ்சவர்ணம் சொன்னது காதில் ஏறவில்லை. கிழங்கு, சாம்பார், வடை, பாயசம், நெய்யை அந்தக் கனத்த கிண்ணத்தோடு கவிழ்த்தாள், சோற்று மலையிலிருந்து நெய் வழிந்து இலையை விட்டுத் தரையில் ஓடியது. கையைக் குவித்து இன்னொரு பிடிச் சோற்றை உச்சியில் வைத்தாள். இந்தாங்க. இது அன்னைக்கு எடுத்தது. வைத்துவிட்டு நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். படம் அவர் ஓய்வு பெற்ற நாளில் எடுத்தது, கன்னம் உப்பி, சட்டைப் பொத்தான் பிதுங்கி, தொண்ணூற்றி நாலு கிலோவாகச் சிரிக்கிறார். அந்த முகத்தில் அந்தப் பார்வை இல்லை. கற்பூரம் காட்டி, கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் வெளியே நின்றார்கள். அவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. உமையாள் அம்மாவின் தோளில் சாய்ந்து விசும்பினாள். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

படையல் இலையில் வீட்டுக்காரி சாப்பிடவேண்டும். பஞ்சவர்ணம் வேறு இலையில் உட்கார்ந்தாள். அரசி அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, எப்பேர்ப்பட்ட பசி. நேற்று ராத்திரி இரண்டு இட்லியோடு படுத்த வயிறு. நெய் வாசத்துக்கு வாய் ஊறியது. இவ்வளவு துக்கத்திலும் ஊறுகிறதே என்று வெட்கமாக இருந்தது. கையை நீட்டப் போனாள். "இரும்மா" என்றாள் உமையாள். தராசைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். "அடியே, இன்னைக்கு ஒருநாள் விடுடி" என்று பஞ்சவர்ணம் அதட்டினாள். "இல்ல அத்தை. அப்பாவுக்கும் ஒருநாள் ஒருநாள்னு விட்டிருந்தா இன்னும் முன்னாடியே போயிருப்பாரு. எனக்கு இருக்கறது இவங்க ஒருத்திதான்." குரல் உடைந்தது. நெய் படாத பக்கமாகச் சோற்றை அள்ளி, கையில் கிடைத்த கிண்ணத்தில் போட்டாள். கழுவி வைத்திருந்த அடி கனத்த கிண்ணம். அரசி பார்த்துக்கொண்டே இருந்தாள். முள் ஏறி இருநூற்றிமுப்பதில் நின்றது. உமையாள் தலையைத் திருப்பி அடுப்படிச் சுவரில் அப்பாவின் அட்டையைப் பார்த்தாள், உதடு முணுமுணுத்தது. தொண்ணூறு போனால் நூற்றிநாற்பது. "நாப்பது கூட இருக்கும்மா" என்று சொல்லிக் கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு பிடியை அள்ளினாள். அரசி முள்ளைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள். சோற்றை அள்ளிய அந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பருக்கைகள் விரலிடுக்கில் ஒட்டி, இரண்டு தரையில் விழுந்தன. கண்ணில் இருந்தது அத்தனையும் பயம், வேறு ஒன்றுமே இல்லை. இந்தப் பெண் ராத்திரியெல்லாம் அம்மாவின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். கிண்ணம் வேறடி என்று சொன்னால், இந்த ஒரு கையில்தான் அம்மா உயிர் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டிருக்கிற அந்தக் கை என்ன ஆகும்? இதைத்தானா பார்த்தீங்க? அன்னைக்கு என் கையைத்தானா பார்த்தீங்க? நெஞ்சுக்குள் என்னவோ இறங்கியது, பசிக்கும் கீழே, ரொம்பக் கீழே.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. எடு" என்றாள் அரசி.

உமையாள் மிச்சத்தை இலையின் ஓரத்தில் தனியாக வைத்தாள். அரசி அதைச் சாம்பாரோடு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். சாம்பாரில் உப்பே இல்லை.